இரவல் போகாத அலுமாரி

நான் ஓய்வு பெற்ற பிறகு நூலகத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் கதவையும் சாவியையும் பற்றியவை. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, மழைக்காலத்தில் பின்கதவு ஏன் திறக்க மறுக்கிறது, அதை எந்தப் பக்கம் உதைக்க வேண்டும் என்று கேட்பார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் நிலூஷி நல்ல பிள்ளை. மொனராகலைப் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழைப் பாடசாலையில் படித்து, பிறகு சந்தையில் காய்கறி வாங்கிச் சரிசெய்துகொண்டவள். போன கிழமை அவள் அழைத்தபோதும் பின்கதவுதான் என்று நினைத்தேன்.

"மிஸ், தோட்டத்து அம்மாமார் புத்தகம் எடுக்கிறத நிப்பாட்டிட்டாங்க," என்றாள். "வர்றாங்க, இருந்து வாசிக்கிறாங்க, திரும்ப அலுமாரியில வச்சிட்டுப் போறாங்க. நான் ஏதும் பிழையா கதைச்சிட்டேனா?"

அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது குரல். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவள் பதில் சொன்னதும் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அது அவள் மனதைச் சுட்டிருக்க வேண்டும். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். அவளுக்குக் கொடுக்க வேண்டிய விளக்கத்தைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்ன கேள்வி கேட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் முன்கதை தெரியாமல் அது ஒரு கேள்வியாகவே படாது.

என் வாப்பாவுக்குப் பதுளையில் புடவைக்கடை. நான் துணிக்கட்டுகளுக்கு நடுவில் வளர்ந்தவள். பார்சல் கட்டுவதில் என்னை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. வாப்பா பழக்கிய முடிச்சு ஒன்று உண்டு; லொறிக் கூரையில் போட்டு மட்டக்களப்பு வரைக்கும் அனுப்பினாலும் ஒரு நூல் தளராது. படிப்பு முடிந்து நூலகப் பயிற்சிக்குப் போனேன். அங்கே வகுப்பு இலக்கங்களை மனப்பாடம் செய்தேன், அட்டை எழுதினேன், சோதனை எழுதினேன். அந்த ஆண்டுகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நியமனம் கிடைத்தது லுணுகலையைத் தாண்டி, ஒரு தெருவும் ஒரு பஸ் நிலையமும் சுற்றிலும் தேயிலை மலையுமாக இருந்த ஒரு டவுனில். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தப் பிரதேச சபையில் யார் தவிசாளர், யார் செயலாளர் என்று கணக்குப் பார்க்க ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்.

தொழிலை எனக்குக் கற்றுத் தந்தவர் குணதாச சேர். பதுளையிலிருந்து மேற்பார்வைக்கு வருவார். மழையோ வெயிலோ, குடையைச் சட்டையின் பின்கழுத்தில் கொளுவிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவார். மற்ற மேலதிகாரிகள் வந்தவுடன் நம் கதிரையில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டுவார்கள். இவர் உள்ளேயே வர மாட்டார். எதிரே தேநீர்க் கடைக்குப் பக்கத்தில் ஒரு மதகு இருந்தது. அதில் உட்கார்ந்து, சக்கரைத் துண்டைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தபடி நூலக வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். டவுனுக்குப் புதிதாக வந்தவர்கள் அவரைக் கடன் வசூலிக்க வந்தவர் என்று நினைத்ததுண்டு. மதியம் ஆனதும் எழுந்து வந்து, தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"வந்த ஆக்கள் பற்றி உங்கட புத்தகத்துல இருக்கு, பரீதா. அது எனக்கு வேணாம். வராத ஆக்கள் ஏன் வரல? அதச் சொல்லுங்க."

முதல் இரண்டு தடவை எனக்கு எரிச்சல்தான் வந்தது. வராதவனை நான் எங்கே போய்த் தேடுவேன்? பிறகு மெல்ல மெல்ல அந்தக் கேள்வி எனக்கும் ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் புத்தி எனக்குப் பிறவியிலேயே இருந்தது. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்று தெரிந்தபோது சந்தோஷமாகிவிட்டது.

புத்தகத்தைக் கையாளும் விதத்தையும் அவரிடம்தான் பழகினேன். புதுப் புத்தகம் வந்தால் அவசரப்பட்டு விரிக்கக் கூடாது. முதுகை மேசையில் நிறுத்தி, முன்பக்கம் கொஞ்சம் தாள், பின்பக்கம் கொஞ்சம் தாள் என்று மாறி மாறிப் படுக்கவைத்து விரலால் நீவிவிட வேண்டும். அப்படிச் செய்தால் முதுகு உடையாது. தலைப்புப் பக்கத்தில் முத்திரை குத்த வேண்டும். அதோடு, ஒவ்வொரு நூலகத்துக்கும் ஓர் இரகசியப் பக்கம் உண்டு. உள்ளே எங்கோ ஒரு பக்கத்தில் சிறிதாக இன்னொரு முத்திரை. களவு போன புத்தகம் எங்கே கிடைத்தாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் போதும். எங்கள் பக்கம் எது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். பசை கடையில் வாங்குவதில்லை. கோதுமை மாவைக் காய்ச்சி அதில் ஒரு சிட்டிகை துரிசு போடுவோம். இல்லாவிட்டால் கரப்பான் பூச்சி நமக்கு முன்னால் வாசித்து முடித்துவிடும். இவற்றையெல்லாம் சேர் வேகமில்லாமல், வாய் பேசாமல், அடுப்பில் பால் வைத்தவரைப் போலக் கவனமாகச் செய்வார்.

இனித் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு வருகிறேன்.

நூலகத்தின் பின்பக்கம் ஓர் அறை காலியாகக் கிடந்தது. தோட்டத்து மக்களுக்கென்று தமிழ்ப் புத்தகங்கள் வாங்கி அங்கே வைக்கலாம், அறையைத் தருகிறோம், புத்தகத்துக்குக் காசில்லை என்று நூலகத்தை நடத்தும் பிரதேச சபை சொன்னது. டவுன் பெண்கள் கழகம் ஒன்று இருந்தது. அவர்கள் வட்டிலப்பம் செய்து விற்று ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கித் தந்தார்கள். தங்கள் பெயரை மணிமுள்ளை விடப் பெரிதாக எழுதியிருந்தார்கள். குறை சொல்லவில்லை, அந்த வட்டிலப்பம் கிண்டியதில் நானும் இருந்தேன். ஆனால் கடிகாரத்தை வாசிக்க முடியாதே.

அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்து மாதர் சங்கத் தலைவி லெச்சுமி அக்கா வந்தார். கொழுந்து பறிப்பவர், ஒடிசலான உடம்பு, உரத்த குரல். அவருக்கு வாசிப்பென்றால் பைத்தியம். கடையில் சீனி சுற்றித் தந்த கடதாசியை விரித்து நீவி, பாதியில் அறுந்துபோன செய்தியை வாசித்துவிட்டு, மீதி என்னவாயிருக்கும் என்று பறிக்கும் மலையில் பேசிக்கொண்டே போவாராம். "புத்தகத்த நாங்க வாங்கித் தர்றோம் மிஸ், நீங்க அறையப் பூட்டாம வச்சிருங்க," என்றார்.

அடுத்த ஞாயிறு சங்கத்துப் பெண்கள் பித்தளைக் குடம் ஒன்றோடு நூலகத்துக்கு வந்தார்கள். பளபளவென்று புளி போட்டுத் தேய்த்த குடம். லெச்சுமி அக்கா ஒரு தட்டில் மஞ்சள் நூலை நீட்டி, குடத்துக் கழுத்தில் கட்டிவிடுங்கள் மிஸ், நீங்கள்தானே இதற்குப் பொறுப்பு என்றார். நான் முதல் நாளே ஓர் அட்டையில் 'நூலக நிதி' என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். சரி, அதைத் தொங்கவிடத்தான் நூல் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று எண்ணி, அட்டையில் ஓட்டை போட்டு, நூலில் கோத்து, குடத்தின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, வாப்பாவின் முடிச்சைப் போட்டேன். பெண்கள் எல்லோரும் கும்பிட்டார்கள். என் கையெழுத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

அந்தக் குடம் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் விரும்பினவர்கள் மலைக்குப் போய்ப் பறித்தால், எடை போட்டு அன்றைக்கே கையில் காசு கொடுப்பார்கள், கைக்காசு என்பார்கள். அந்தக் கைக்காசில் ஒரு பங்கு குடத்துக்கு. லயத்து வாசலில் பயிரிட்ட போஞ்சிக்காய் பண்டாரவளைச் சந்தைக்கு லொறியேறினால் அதில் ஒரு பங்கு. தீபாவளிக்கு முன்னால் கும்மியடித்துக்கொண்டு அடுத்த தோட்டங்களுக்கும் போனார்கள். குடம் வாசலுக்கு வந்தால் இல்லை என்று சொன்ன வீடே இல்லையென்று கேள்விப்பட்டேன். சாராயக் கடைக்குப் போகிறவர்கள்கூட வழியில் குடத்தைக் கண்டால் நின்று எதையாவது போட்டார்களாம். எனக்குப் பெரிய ஆச்சரியம். எங்கள் வட்டிலப்பத்துக்குக் காசு வாங்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

புத்தகங்கள் வந்தன. நானும் சேரும் ஒவ்வொன்றாக முதுகு நீவி, முத்திரை குத்தி, இரவல் அட்டைக்குப் பையொட்டி அலுமாரியில் அடுக்கினோம். திறப்பு விழாவில் தவிசாளர் நாடா வெட்டினார், பேசினார், மறுபடியும் பேசினார். கடைசியில் குடத்தைத் தூக்கி, இது நம் தாய்மாரின் உழைப்பின் அடையாளம், என்றைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று என் கதிரைக்குப் பின்னாலிருந்த அலுமாரியின் உச்சியில் வைத்தார். நாங்கள் கை தட்டினோம். மாதர் சங்கத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆனந்தத்தில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

அதன் பிறகுதான் விசித்திரம் தொடங்கியது. ஞாயிறு தவறாமல் வந்தார்கள். செருப்பை வெளியே விட்டு, கை கால் கழுவி, பின்னறையில் உட்கார்ந்து வாசித்தார்கள். தூசு தட்டினார்கள். பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமானதும் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட ஒன்றையும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. லெச்சுமி அக்கா ஒரு தடித்த நாவலைத் தொடங்கியிருந்தார். ஞாயிற்றுக்கு ஞாயிறு கொஞ்சம் பக்கம். நிறுத்திய இடத்தில் ஒரு தேயிலை இலை. போகும்போது அட்டையை ஒருமுறை தடவிவிட்டு வைப்பார். பசியோடிருப்பவர் சோற்றுப் பானையை மூடி வைப்பதைப் பார்ப்பதுபோல எனக்குப் பாவமாக இருக்கும்.

"எடுத்துட்டுப் போங்களேன் அக்கா," என்றேன் ஒருநாள்.

"அது எப்புடிங்க மிஸ்," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கவில்லை. வராத ஆட்களுக்குக் காரணம் தேடிப் பழகியவளுக்கு, வந்தும் எடுக்காத ஆட்கள் புதுப் புதிர். தூக்கத்திலும் அதே யோசனை. முதலில், பிணைக் கையெழுத்துதான் காரணம் என்று நினைத்தேன். நூலக அங்கத்தவராகச் சேர, சபைக்கு வரி கட்டும் ஒருவர் பிணை நிற்க வேண்டும். லயத்தில் இருப்பவர்களுக்கு ஏது வரி? சேரிடம் சொன்னேன். அவர் செயலாளரோடு மல்லுக்கட்டி, தோட்டப் பாடசாலை அதிபர் கையெழுத்து வைத்தாலே போதும் என்று விதியை மாற்றி வாங்கினார். எல்லோரும் அங்கத்தவரானார்கள். அட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

லயக் கூரை ஒழுகுகிறது, நனைந்துவிடும் என்று பயப்படுகிறார்களோ? வாப்பாவின் கடையிலிருந்து தடித்த பொலித்தீன் பைகள் கொண்டு வந்து கொடுத்தேன். மிகவும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். பையில் காய்கறி போனது. பிந்தினால் தண்டம் என்று பயமோ? தண்டமே கிடையாது என்று பலகையில் எழுதிப் போட்டேன். வாசித்தார்கள், நல்ல விஷயம் மிஸ் என்றார்கள். வீட்டுக்காரர்கள் தடுக்கிறார்களோ என்று விசாரித்தேன். லெச்சுமி அக்காவின் கணவர், என் பெண்சாதியைத் தடுக்க இந்த மாகாணத்தில் ஆள் இருந்தால் காட்டுங்கள் என்றார்.

நேரடியாகக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கேட்டேன். கேட்கும்போதெல்லாம் நேரம் வரட்டும் மிஸ், உங்களுக்குத் தெரியாததா மிஸ் என்பார்கள். எனக்குத் தெரியாது என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இப்படி நாள் போக, செயலாளர் ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். பின்னறையில் இருந்து புத்தகங்கள் இரவல் போவதே இல்லை, கூட்டத்தில் கேட்கிறார்கள், மாத முடிவில் நான் வந்து பார்ப்பேன், இதே நிலை என்றால் புத்தகங்களைப் பெட்டியில் கட்டிவிட்டு அறையை வரி அறவிடும் பகுதிக்குக் கொடுக்க வேண்டியதுதான் என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். அவருக்கு ஓர் அறை தேவைப்பட்டது. நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். கைக்காசும் போஞ்சியும் கும்மியும் பெட்டிக்குள் போய்ச் செல்லரிக்கப் போகிறதே என்று நெஞ்சு கொதித்தது. லெச்சுமி அக்கா நாவலில் பாதிகூடத் தாண்டவில்லை.

குணதாச சேருக்குச் சொல்லி அனுப்பினேன். ஞாயிறு லீவை விட்டுவிட்டு வந்தார். வழக்கம்போல மதகு, சக்கரைத் துண்டு, பிளேன்டீ. முழு நாளும் வாசலைப் பார்த்தார். பெண்கள் வந்தார்கள், வாசித்தார்கள், போனார்கள். ஒவ்வொருவரும் படியிறங்கும் முன் திரும்பி, என்னைப் பார்த்து நெற்றிக்குக் கை உயர்த்திப் போவது வழக்கம். நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டுவேன். கடைசிப் பெண் போனதும் சேர் உள்ளே வந்தார்.

"பரீதா, அவங்க உங்களுக்குக் கும்பிடு போடல," என்றார். "உங்கட தலைக்கு மேல என்ன இருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். குடம் இருந்தது. கழுத்தில் மஞ்சள் நூல், அதில் என் அட்டை. இத்தனை மாதம் ஒரு குடத்துக்குப் போன கும்பிடுக்கு நான் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். முகம் சூடாகிவிட்டது. சேர் சிரிக்கவில்லை, அவர் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். லெச்சுமி அக்கா பஸ்ஸில் கால் வைத்திருந்தார். கையைப் பிடித்து இறக்கினேன். எனக்குத் தெரியாது அக்கா, ஒன்றுமே தெரியாது, அந்தக் குடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். பஸ்ஸைப் போகவிட்டார்.

"காப்புங்க மிஸ்," என்றார். "நீங்க கட்டின காப்பு."

பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். தோட்டத்தில் எல்லா வீட்டிலும் சேர்த்துக் காசு திரட்டுவது என்றால் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி கோயில் திருவிழா வழிதான். முதலில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் அந்தக் காரியத்துக்கு யாரும் கொடுக்க மறுக்க மாட்டார்கள், சேர்ந்ததில் யாரும் கை வைக்கவும் மாட்டார்கள். அதனால்தான் குடம் போன இடமெல்லாம் நிரம்பியது. ஆனால் காப்பு அவிழ்த்து, மஞ்சள் தண்ணீர் தெளிக்கும் வரைக்கும் காரியம் முடிந்ததாகாது. அதுவரை திருவிழாவுக்கென்று வந்த எந்தப் பொருளும் அந்த இடத்தை விட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. வாசிக்கலாம், தொடலாம், தூசு தட்டலாம். தூக்கிக்கொண்டு போக முடியாது.

"அப்ப ஏன் அக்கா அவுக்கல?"

"கட்டின கைதான அவுக்கணும். நீங்க அவுப்பீங்கன்னு பாத்தோம். தவிசாளர் ஐயா தூக்கி மேல வச்சாரா, சரி, ஆபீஸ்ல ஏதோ வேல பாக்கி இருக்கு போலன்னு நெனச்சிக்கிட்டோம்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "நீங்க இஸ்லாம் ஆளுங்க. கட்டும்போது ஒண்ணும் சொல்லாம கட்டுனீங்க. மறுபடி அவுங்கன்னு கேட்டா, உங்க முறைக்கு ஒத்துக்குமோ ஒத்துக்காதோ. ஒங்க மனசு நோகுமேன்னு வாயப் பொத்திக்கிட்டு இருந்தோம்."

அவர்கள் என்னைப் புண்படுத்தக் கூடாது என்று வாய் திறக்கவில்லை. நான் என் அறியாமை தெரிந்துவிடக் கூடாது என்று அழுத்திக் கேட்கவில்லை. இரண்டு பக்கத்து மரியாதைக்கும் நடுவில் ஒரு அலுமாரி புத்தகம் சும்மா கிடந்திருக்கிறது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அந்த வாங்கிலேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பஸ் காத்திருந்தவர்கள் யாரோ செத்துப்போனதாக நினைத்து எங்களுக்கு இடம் விட்டு நின்றார்கள்.

அடுத்த ஞாயிறு நூலகம் நிறைந்துவிட்டது. வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீர் ஒரு வாளியில். குணதாச சேர் மதகில். நான் நாற்காலியில் ஏறிக் குடத்தை இறக்கி மேசையில் வைத்தேன். நான் ஏதும் மந்திரம் சொல்ல வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். ஒன்றும் வேண்டாம் மிஸ், அவிழ்த்தால் போதும் என்றார் லெச்சுமி அக்கா. எதைத் தொட்டாலும் சொல்லும் பிஸ்மில்லாவை வாய்க்குள் சொல்லிக்கொண்டு முடிச்சில் கை வைத்தேன்.

அது அசையவில்லை.

அது லொறிக் கூரைக்குப் போடும் முடிச்சு. அதற்கு மேல் மாதக்கணக்கில் மலைநாட்டு ஈரத்தில் நனைந்தும் காய்ந்தும் மஞ்சள் நூல் கம்பியாகியிருந்தது. நகத்தால் கிண்டினேன், நகம் மடங்கியது. பழக்கத்தில் கை தானாக மேசை லாச்சியிலிருந்த கத்தரிக்கோலுக்குப் போனது. அறை முழுவதும் ஒரே மூச்சாக உள்ளிழுத்த சத்தம் கேட்டது.

"கத்தரி வேணாங்க மிஸ்," என்றார் லெச்சுமி அக்கா. "அறுக்கக் கூடாது. மெதுவா அவுங்க, எங்களுக்கு இன்னைக்கி வேற வேல இல்ல."

புத்தகம் தைக்கும் ஊசி ஞாபகம் வந்தது. முனை மழுங்கிய தடித்த ஊசி. அதை முடிச்சின் வயிற்றுக்குள் விட்டு, ஒரு சுற்றை மேலே நெம்பி, விட்டு, அடுத்த சுற்றை நெம்பினேன். வியர்வை முக்காட்டுக்குள் ஓடியது. வாப்பாவை இப்படி யாரும் அன்புக்கும் ஆத்திரத்துக்கும் நடுவில் நின்று நினைத்திருக்க மாட்டார்கள். பெண்களில் ஒருத்தி விசிறினாள். இன்னொருத்தி, மிஸ் கட்டினால் யமனே வந்தாலும் அவிழ்க்க முடியாது போல என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்த தளர்ச்சியிலோ என்னவோ முதல் சுற்று கழன்றது. மீதி தானாக வந்தது. நூல் என் விரலில் சுருண்டு தொங்கியது.

லெச்சுமி அக்கா மஞ்சள் தண்ணீரை வேப்பிலையால் அலுமாரி மேல் படாமல் தரையில் தெளித்தார். புத்தகம் நனையக் கூடாது என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கும் இரண்டு துளி. பிறகு நேராகப் போய், தேயிலை இலை செருகிய நாவலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். இரு கையாலும் வைத்தார். நான் திகதி முத்திரையை மையில் ஒற்றினேன். முத்திரை கோணலாக விழுந்தது.

அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி, மதகைத் தாண்டி நின்றது. சேர் எழுந்து இடம் விட்டு நின்றார்.

மாத முடிவில் செயலாளர் வந்தார். பின்னறைக்குள் போய், வெறும் தட்டுகளைப் பார்த்துவிட்டு அதிர்ந்துபோய் வெளியே வந்தார். "புத்தகங்கள் எங்கே?" என்றார். லயத்தில் இருக்கின்றன, சேர் என்றேன். அவர் மறுபடி உள்ளே போய் வெறும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறையைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. வரி அறவிடும் பகுதி இன்றைக்கும் படிக்கட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.

லெச்சுமி அக்கா நாவலை எடுத்துப் போன அதே கிழமையில் முடித்துவிட்டார். திருப்பித் தந்தபோது முகம் சுண்டியிருந்தது. பிடிக்கவில்லையா என்றேன்.

"முடிவு சரியில்ல மிஸ். அந்தப் பொம்பள அவனோட போயிருக்கக் கூடாது. இத இத்தன நாளு ஆசையா வச்சிருந்தேனே," என்றார். பிறகு, இதே ஆள் எழுதிய வேறு புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார்.

நிலூஷியிடம் கேட்ட கேள்விக்கு இப்போது வரலாம். இந்த வருட மழையில் பின்னறைக் கூரையின் ஒரு மூலை உட்கார்ந்து, கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிப் போனதும், புதிய கூரைக்கு மாதர் சங்கம் காசு சேர்க்கத் தொடங்கியிருப்பதும் எனக்குத் தெரியும். லெச்சுமி அக்காவுக்கு இப்போது ஏற்றம் ஏற முடியாது. சங்கத்தை மருமகள் நடத்துகிறாள். ஆகவே நான் கேட்டது இதுதான்: அலுமாரிக்கு மேலிருந்த பித்தளைக் குடத்தை யாராவது இறக்கினார்களா?

"ஆமா மிஸ், கழுவித் தந்தேன். என்னையே நூலும் கட்டச் சொன்னாங்க," என்றாள். "கழலாத மாதிரி நல்லா இறுக்கிக் கட்டினேன்."

அதற்குத்தான் சிரித்தேன், நிலூஷி. நீ பிழையாக ஒன்றும் கதைக்கவில்லை. காப்பு இந்தத் தடவை அந்த அறைக்கே கட்டியது, அதனால் கூரை போட்டு முடியும் வரை அங்கிருந்து எதையும் எடுக்க மாட்டார்கள், பயப்படாதே. முடிந்ததும் அவர்கள் உன்னிடம் கேட்கவும் மாட்டார்கள். நீ புத்த சமயத்துப் பிள்ளை, உன் மனம் நோகும் என்று பேசாமல் இருப்பார்கள். நீயாகவே குடத்தை மேசையில் வைத்து நூலை அவிழ். தைக்கும் ஊசி மேசையின் இடது லாச்சியில், பசைக் கிண்ணத்துக்குப் பின்னால் இருக்கிறது. கத்தரிக்கோலை அன்றைக்கு மட்டும் ஒளித்து வை.

நானும் வருகிறேன். அவிழ்க்க எனக்கு உரிமையில்லை, அது உன் கை கட்டியது. குணதாச சேர் இப்போது இல்லை, மதகு இருக்கிறது. ஒரு பிளேன்டீ வாங்கிக்கொண்டு அதில் உட்கார்ந்து, நீ எப்படி அவிழ்க்கிறாய் என்று பார்க்கப் போகிறேன்.